மலிவு டர்ன்டேபிளில் நல்ல ஒலி: செலவு செய்வதற்கு முன்னால்

மலேசியாவில் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தை, பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை என்று சுற்றுகிறவர்களுக்குத் தெரியும். ஆங்கில, சீன, மலாய் இசைத்தட்டுகளுக்கு நடுவே பொறுமையாகக் கிளறினால் எப்போதாவது ஒரு தமிழ்ப் படத் தட்டு கையில் சிக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆன்லைனில் மலிவாக வாங்கிய டர்ன்டேபிளில் வைத்ததும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. குரல் மெலிந்து கேட்கிறது. பின்னால் ஓயாத கரகரப்பு. தட்டின் கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் சீறல். "தட்டுன்னா ஒரு தனி இனிமைன்னு சொன்னாங்களே, அது எங்கே?" என்று கேட்கிறார்கள்.

தட்டில் இருப்பதை மெஷின் முழுசாக எடுத்துத் தரவில்லை, அவ்வளவுதான். பெரிய மெஷின் வாங்க ஓடுவதற்கு முன்னால், இருப்பதை ஒழுங்காக வைத்தாலே குறை கணிசமாகக் குறையும். மிச்சத்தில் பெரும்பங்கு ஊசியை மாற்றினால் போகும். ஏன் அப்படி என்று புரிந்துவிட்டால் எதற்குக் காசு போடலாம், எதற்குப் போடக் கூடாது என்பதை யாரையும் கேட்காமல் நீங்களே முடிவு செய்யலாம்.

ஊசி என்ன செய்கிறது

தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம்தான். வெளி விளிம்பில் தொடங்கி நடுவரைக்கும் சுருண்டு போகிறது. ஸ்டீரியோ தட்டில் அந்தப் பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் தனித்தனி ஒலி பதிந்திருக்கும். தட்டின் மையத்தைப் பார்த்த உட்பக்கச் சுவரில் இடது ஸ்பீக்கருக்கான ஒலி, வெளிப்பக்கச் சுவரில் வலது ஸ்பீக்கருக்கான ஒலி. வைர ஊசி நடுவில் உட்கார்ந்து இரண்டு சுவரையும் உரசிக்கொண்டே போகிறது. சுவர் நெளிந்தால் ஊசியும் நெளியும். ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டின் மறுமுனையில் ஒரு பொடிக் காந்தம் இருக்கிறது. அது கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் ஆடும்போது மின்சாரம் பிறக்கிறது. தொடக்கநிலை மெஷின்களில் நல்லவற்றில் இருப்பது இந்த வகைதான். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் என்பார்கள்.

பிறக்கிற மின்சாரம் எவ்வளவு? சுமார் 4 அல்லது 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் தரும் 2 வோல்ட்டோடு வைத்துப் பார்த்தால் நானூறு, ஐநூறில் ஒரு பங்கு. ஆம்ப்ளிஃபயருக்கு இது போதாது. அதனால் இடையில் ஃபோனோ பிரீஆம்ப் என்று ஒன்று உட்கார்ந்து இதைப் பெருக்கித் தருகிறது.

பெருக்குவது மட்டும் அதன் வேலை இல்லை. கனத்த கீழ் ஒலிகளை உள்ளது உள்ளபடி தட்டில் வெட்டினால் பள்ளம் அகலமாக நெளிந்து பக்கத்துப் பள்ளத்தின் மேல் ஏறிவிடும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடப் பாட்டு கொள்ளாது. ஆகவே வெட்டும்போது கீழ் ஒலியைக் குறைத்து, மேல் ஒலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். கேட்கும்போது பிரீஆம்ப் அதை அப்படியே திருப்பிப் போடுகிறது. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்ற கணக்கு 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுத் துறைச் சங்கமான ஆர்ஐஏஏ வகுத்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான். மேல் ஒலியைக் குறைக்கும்போது தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறைகிறது, இது லாபம். கீழ் ஒலி பக்கத்தில்தான் வம்பு. குரல் இருக்கும் 1000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தோடு பார்த்தால், 20 ஹெர்ட்ஸில் வரும் ஆட்டத்தை பிரீஆம்ப் ஒன்பது மடங்குக்கு மேல் கூடுதலாகப் பெருக்குகிறது.

20 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வீட்டில் என்ன இருக்கிறது? நடக்கிறவர் காலடி, சாத்துகிற கதவு, மேசை அதிர்வு, மெஷினின் மோட்டார், ஸ்பீக்கரின் உதறல். ஊசிக்கு இதெல்லாம் பாட்டா இல்லையா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆடினால் மின்சாரம் வரும், வந்தது பெருகும். மலிவு மெஷினில் ஒலி கெடுவதற்குப் பெரிய காரணம் இதுதான், விலை உயர்ந்த கேபிள் இல்லாதது காரணம் இல்லை.

வயரைச் சரிபார்த்துவிடுங்கள்

இது இரண்டு நிமிட வேலை. பல மெஷின்களில் பிரீஆம்ப் உள்ளேயே இருக்கும், பின்பக்கம் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஆம்பிலும் ஃபோனோ என்று ஒரு துளை இருந்தால், இரண்டில் ஒன்றுதான் வேலை செய்ய வேண்டும். சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவது போல மெலிந்து, கீழ் ஒலியே இல்லாமல் கேட்டால் பிரீஆம்ப் எங்கேயும் இல்லை என்று அர்த்தம். காதைக் கிழிக்கிற மாதிரி உடைந்து கேட்டால் இரண்டு பிரீஆம்ப் வரிசையாக ஓடுகின்றன. சுவிட்சைத் தள்ளினால் சரியாகிவிடும். ஓயாமல் 'ம்ம்ம்' என்று இரைந்தால், தனியாக வரும் எர்த் வயரை ஆம்பின் பின்னால் இருக்கும் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே வைப்பது

இதற்குக் காசு ஆகாது. ஆனால் அதிகப் பலன் இங்கேதான். ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்குப் போய், ஊசியிலிருந்து மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து சுற்றிக்கொண்டே இருக்கும். ஒலியைக் கூட்டினால் 'ஊ'வென்று ஊளையிடும். ஊளையிடாத அளவிலும் அந்தச் சுற்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. தபேலாவின் கீழ் ஒலி கொழகொழவென்று கேட்பது பல வீடுகளில் இதனால்தான்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மோட்டாரை அணைத்து, நிற்கிற தட்டின் மேல் ஊசியை மெதுவாக இறக்குங்கள். ஒலியை வழக்கமாகக் கேட்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இப்போது மேசையை விரல் நுனியால் லேசாகத் தட்டுங்கள். பக்கத்தில் ஒருவரை நடக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் 'தொம் தொம்' என்று என்னவெல்லாம் கேட்கிறதோ, அத்தனையும் பாட்டு ஓடும்போது பாட்டோடு கலந்து வருகிறது. மேசையை மாற்றி, இடத்தை மாற்றி இதே சோதனையைச் செய்தால் எந்த இடம் தேவலாம் என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

அடுக்குமாடி வீடுகளில் சிமென்ட் தரை என்பதால் காலடிச் சிக்கல் குறைவு, கனமான அலமாரியின் மேல் வைத்தாலே போதும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீட்டு மாடி மாதிரி பலகைத் தரை என்றால் கதை வேறு. யார் நடந்தாலும் ஊசி குதிக்கும். அங்கே செங்கல் சுவரில் ஆணியடித்த தட்டுப் பலகையில் மெஷினை வைப்பதுதான் சரியான தீர்வு. தரை ஆடினாலும் சுவர் அவ்வளவாக ஆடாது.

வைத்த பிறகு சமமட்டம் பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் குமிழ் மட்டப்பலகையின் சின்ன வடிவம் எந்த இரும்புக்கடையிலும் கிடைக்கும். தட்டு சுழலும் பரப்பின் மேல் முன்பின், இடவலம் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால் காலுக்கு அடியில் அட்டை செருகினால் போதும். அதற்கென்று விற்கும் விலை உயர்ந்த ரப்பர் கால்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பார்க்காமலும் இருக்கலாம்.

ஸ்பீக்கரும் அப்படியே. புத்தக அலமாரியின் மேல்தட்டில், கூரையைப் பார்த்தபடி இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து நல்ல ஒலியை எதிர்பார்க்க முடியாது. ஸ்பீக்கரின் சின்ன ஒலிவாய் (ட்வீட்டர்) உட்கார்ந்திருப்பவர் காது உயரத்துக்கு வரட்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும், உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். சுவர் மூலையில் ஒட்டிவைத்தால் கீழ் ஒலி வீங்கும்.

ஊசியின் எடை

தானியங்கி மெஷின்களில், உதாரணமாக ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி60 வகையில், ஊசியின் எடையைக் கம்பெனியிலேயே நிர்ணயித்துவிடுகிறார்கள். அதை மாற்ற முடியாது, அந்த மெஷின் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஊசியைத் தாங்கி நீளும் கையின் (டோன்ஆர்ம்) பின்முனையில் உருளை எடை இருக்கும் மெஷின் என்றால் இது மிக முக்கியம். வாங்கி வந்த நாளில் குத்துமதிப்பாகத் திருகிவிட்டு அப்படியே ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

செய்முறை இது. பக்கவாட்டு இழுப்பைச் சரிசெய்யும் ஆன்டி-ஸ்கேட் திருகை 0-இல் வையுங்கள். ஊசி உறையைக் கழற்றுங்கள். கையைத் தாங்கியிலிருந்து எடுத்து, தட்டு இல்லாத இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டு, பின் எடையை முன்னும் பின்னும் திருகுங்கள். விரலை விட்டால் கை மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் படுக்கைவாட்டில் மிதக்க வேண்டும். ஊசி எதிலும் இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிதந்ததும் கையைத் தாங்கியில் பூட்டி, எடையை அசைக்காமல், எண் எழுதிய வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். அப்புறம் எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, உங்கள் கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்ட எண்ணில் நிறுத்துங்கள். ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-விஎம்95இ-க்கு 2.0 கிராம், ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். கடைசியில் ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணுக்குக் கொண்டுபோனால் வேலை முடிந்தது.

வளையத்தில் எழுதிய எண்ணை முழுசாக நம்ப வேண்டாம். ஊசிக்கென்று விற்கும் குட்டி டிஜிட்டல் தராசு ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. நான் எதற்காவது கட்டாயம் காசு செலவு செய்யச் சொல்வேன் என்றால் முதலில் இதற்குத்தான்.

எடை குறைவாக இருந்தால் தட்டு தேயாது என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. உண்மை நேர்மாறானது. எடை போதாத ஊசி பள்ளத்தில் உட்காராமல் துள்ளி, சுவரில் திரும்பத் திரும்ப மோதி அதைச் சிதைக்கிறது. அந்தச் சீறல் நிரந்தரமாகிவிடும், பிறகு எந்த நல்ல ஊசியாலும் அதை மீட்க முடியாது. ஊசி குதிக்கிறது என்று கார்ட்ரிட்ஜின் மேல் இருபது சென் காசை ஒட்டுகிற பழைய வைத்தியமும் வேண்டாம். குதிப்பதற்குக் காரணம் அழுக்காகவோ சமமட்டம் இல்லாததாகவோ இருக்கும், அதைத் தேடுங்கள்.

கடைசிப் பாட்டு ஏன் சீறுகிறது

நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் தட்டு எப்போதும் ஒரே சீராகத்தான் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் ஒரு சுற்று நீளம், நடுவில் ஒரு சுற்று குட்டை. கணக்குப் போட்டால், 12 அங்குலத் தட்டின் தொடக்கத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, முடிவில் 21 சென்டிமீட்டர்தான். அதே ஒரு நொடி ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிப் பதித்திருக்கிறார்கள். நெளிவுகள் அவ்வளவு பொடியாகும்போது உருண்டை முனை கொண்ட ஊசியால் உள்ளே புக முடியாது, மேலாகத் தடவிக்கொண்டு போகும்.

மலிவு மெஷின்களோடு வருவது பெரும்பாலும் இந்த உருண்டை முனைதான். கூம்பு ஊசி என்று சொல்லலாம். நீள்வட்ட முனை சுவரைத் தொடும் இடம் ஒல்லியானது, ஆகவே பொடி நெளிவுகளுக்குள் நன்றாகப் புகும். அதற்கும் மேலே மைக்ரோலைன், ஷிபாட்டா என்று நுட்பமான வடிவங்கள் உண்டு. வசதி என்னவென்றால் முழுக் கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டியதில்லை. விஎம்95 வரிசையில் கூம்பு ஊசியை இழுத்தெடுத்துவிட்டு நீள்வட்டத்தையோ மைக்ரோலைனையோ அதே உடலில் செருகலாம். 2எம் ரெட்டின் உடலில் 2எம் ப்ளூவின் ஊசி அப்படியே உட்காரும். எல்பி60 வகைக்கும் வேறு கம்பெனிகள் நீள்வட்ட ஊசி செய்து விற்கின்றன. கையில் கொஞ்சம் வெள்ளி சேர்ந்தால் புது மெஷினுக்கு அல்ல, இதற்குப் போடுங்கள் என்பேன். வித்தியாசம் முதல் பக்கத்திலேயே கேட்கும்.

கார்ட்ரிட்ஜ் கோணலாக மாட்டியிருந்தாலும் கடைசிப் பாட்டு சீறும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கோணமானித் தாளை அளவு மாறாமல் அச்செடுத்து, அதில் குறித்த இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்து, திருகைத் தளர்த்தி நகர்த்திக்கொள்ளலாம். பொறுமை வேண்டிய வேலை, ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யுங்கள். ஊசிக்கும் ஆயுள் உண்டு: வடிவத்தைப் பொறுத்துச் சில நூறு மணி நேரம். பழைய மெஷினோடு வந்த ஊசி எத்தனை வருடம் ஓடியதென்று யாருக்கும் தெரியாது, அதைக் கழற்றிவிட்டுப் புதுசு போடுவதுதான் தட்டுக்கு நல்லது.

நம்ம ஊர் சிக்கல்: பூஞ்சணம்

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் பாதி, தட்டில் ஏறும் நிலைமின்சாரத்தைப் பற்றி இருக்கும். காற்றில் ஈரம் எப்போதும் ததும்பும் நம் ஊரில், நாளெல்லாம் ஏர்கான் ஓடும் அறை தவிர மற்ற இடங்களில் அது பெரிய தொல்லை இல்லை. நமக்கு எதிரி பூஞ்சணம். சந்தையில் வாங்கும் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக, சில சமயம் மெல்லிய வலை மாதிரி படர்ந்திருக்கும். ஓட்டினால் 'டிக் டிக்' என்று கேட்கும். பலரும் இதைக் கீறல் என்று நினைத்துத் தட்டையே ஒதுக்கிவிடுகிறார்கள். கீறல் போகாது, பூஞ்சணம் பெரும்பாலும் போகும்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்து, காய்ந்த பொடியை முதலில் மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். வாளி வாளியாக வடிநீர் ஊற்றுவதெல்லாம் வேண்டாம். ஒரு கிண்ணம் வடிநீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு, அவ்வளவுதான். மென்மையான மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, பள்ளம் போகும் வாக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் வடிநீரால் இன்னொரு முறை. குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படிவு பள்ளத்திலேயே தங்கிவிடும், அதனால்தான் வடிநீர். நிமிர்த்தி வைத்து நன்றாக உலர்ந்த பிறகே புது உறையில் போடுங்கள். பழைய உள்ளுறையைத் தூக்கி எறிந்துவிடுங்கள், பூஞ்சணத்தின் விதை அதில்தான் இருக்கிறது. ஊசியையும் ஒவ்வொரு பக்கம் ஓடியதும் பின்னாலிருந்து முன்னால் மட்டும் மென்தூரிகையால் ஒரு தடவு தடவுங்கள். முனையில் சேரும் பஞ்சுதான் பாதி நேரம் 'மெஷின் கெட்டுப்போச்சு' என்று நினைக்க வைப்பது.

தட்டுகளை நிமிர்த்தியே அடுக்குங்கள், வெளிச்சுவரை ஒட்டாமல். கேமரா வைக்கும் உலர்பெட்டி இருந்தால் உத்தமம். சந்தையில் வாங்கிய கையோடு தட்டை வெயிலில் நிற்கிற காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், திரும்பி வரும்போது வளைந்திருக்கும்.

ஜப்பான் மெஷின் வாங்கும்போது

பழைய ஜப்பான் டர்ன்டேபிள்கள் இங்கே நிறையவே கைமாறுகின்றன. உறுதியான சாமான்கள், விலையும் நியாயம். ஆனால் ஜப்பானின் உள்ளூர் விற்பனைக்குச் செய்தவை 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் சுவரில் வருவது 230 வோல்ட். பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிளக்கைச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானின் கிழக்குப் பாதியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60. நமக்கு 50. பழைய பெல்ட் மெஷின்களில் பலவற்றின் மோட்டார் இந்த ஹெர்ட்ஸை வைத்துத்தான் வேகம் பிடிக்கும். 60-க்குச் செய்த கப்பியோடு இங்கே ஓட்டினால் 33⅓ என்பது 28-க்கும் கீழே இறங்கும். பி. சுசீலாவின் குரல் மூன்று அரைச்சுரம் தாழ்ந்து, யாரோ தூக்கக் கலக்கத்தில் பாடுவது போலாகிவிடும். கப்பியை மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுற்றும், குவார்ட்ஸ் கட்டுப்பாடு உள்ள டைரக்ட் டிரைவ் மெஷின்களுக்கு இந்த வேகச் சிக்கல் இல்லை, வோல்ட் சிக்கல் மட்டும்தான். பெல்ட் மெஷின் எதுவானாலும், வெப்பத்தில் ரப்பர் தளர்ந்திருக்கும், புது பெல்ட்டுக்கும் சேர்த்து விலை பேசுங்கள்.

ஆம்பும் பழசாக வாங்கலாம் என்றால், ஃபோனோ துளையோடு மோனோ பொத்தானும் இருக்கிற 1970, 80களின் ஆம்ப் ஒன்றைத் தேடுங்கள். 1960களின் தமிழ்ப் படத் தட்டுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி. அவற்றில் பாட்டு ஊசியைப் பக்கவாட்டில் மட்டும் ஆட்டுகிறது. தூசியும் தேய்மானமும்தான் மேலும் கீழும் ஆட்டுகின்றன. மோனோ பொத்தானை அழுத்தினால் இரண்டு பக்க ஒலியும் ஒன்றாகக் கூடி, மேல் கீழ் ஆட்டம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். கரகரப்பு சட்டென்று இறங்குவதைக் கேட்கலாம், பைசா செலவில்லாமல்.

தாத்தா காலத்து 78 தட்டுகள் வீட்டில் இருந்தால் அவற்றை இந்த ஊசியில் ஓட்ட வேண்டாம். அந்தப் பள்ளம் எல்பி (33⅓ வேகத் தட்டு) பள்ளத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். சின்ன ஊசி அடியில் கிடக்கும் அழுக்கில் புரண்டு இரைச்சலைத்தான் எடுக்கும். விஎம்95 வரிசையில் எஸ்பி என்று 78-க்கான தடித்த ஊசி தனியாக உண்டு, எடையும் 5 கிராம் வைக்க வேண்டும். மெஷினில் 78 வேகம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தட்டுகளைத் துடைக்க ஸ்பிரிட் எடுத்துவிடாதீர்கள், அவை வினைல் அல்ல, ஷெல்லாக். ஸ்பிரிட்டில் கரையும்.